அல்லி கடையின் நனையாத சரக்கு

"இந்தக் காட்டுக்கே விடியலைக் கூவிச் சொல்றவன் நான். என் கொண்டையில சொட்டுச் சொட்டா ஒழுகுது. கேட்க ஒரு நாதி இல்லை."

ஒரு காட்டில் வைரமுடி என்றொரு சேவல் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தான். நேற்றும் இதைத்தான் சொன்னான். முந்தாநாளும் இதைத்தான். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"என் முதுகிலயும்தான் ஒழுகுது. நான் கூவிக்கிட்டா இருக்கேன்?" என்றாள் அவன் பெண்டாட்டி பொற்கொடி, முட்டைகளின் மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்தபடி.

ஒழுகலுக்குக் காரணமே அந்த மகராசன்தான். காலங்காலமாக அடர்ந்த உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் சொட்டு நீர் படாமல் வாழ்ந்த குடும்பம். கோடையில் காடு பார்க்க வந்த மனிதர்கள் ஒரு கூடாரத்தை விட்டுவிட்டுப் போனார்கள். நன்றாக இருக்கிற பொருளை எவன் விட்டுவிட்டுப் போவான் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசித்தால் அவன் எப்படிச் சேவல்? இழுத்து வந்து, "நாமளும் நாகரிகமா இருக்க வேண்டாமா?" என்று நட்டுவிட்டான். மழை பிடித்ததும் நாகரிகம் தையலுக்குத் தையல் ஒழுக ஆரம்பித்தது. புதருக்கே திரும்பலாம் என்றால், நாகரிகத்தை விட்டு இறங்கி வர அவன் தயாராக இல்லை.

சேவலின் கொண்டை நனைந்தால் கரைந்து போய்விடாது. முட்டை அப்படியில்லை. நனைந்து சில்லிட்டுப் போனால் உள்ளே இருப்பது குஞ்சாக வெளியே வராது. போன அடையில் அப்படித்தான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைப் பற்றிப் பொற்கொடி யாரிடமும் பேசுவதில்லை. இப்போது அவள் வயிற்றுக்கடியில் இருந்தவை, இன்றோ நாளையோ பொரிய வேண்டியவை.

"கூடாரத்துக்கு மெழுகு தேய்ச்சா ஒழுகாதாம், எங்க கிடைக்கும்னு கேட்டு வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எனக்கு எந்தக் கடை தெரியும்? நான் கடைக்குப் போற பரம்பரையா?"

"அப்ப நான் போறேன். நீங்க முட்டைமேல உட்காருங்க."

"நானா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"காடே நனைஞ்சுக்கிட்டிருக்கு. உங்களைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. உட்காருங்க."

சேவல் அடுப்பின் மேல் உட்காருகிறவனைப் போல உட்கார்ந்தான். சூடு ஆறுவதற்குள் திரும்ப வேண்டுமே என்று பொற்கொடி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

குளத்தங்கரையில் அல்லி என்கிற வாத்து புதிதாகக் கடை போட்டிருந்தாள். நாலு மூங்கில் கழி, அதன்மேல் கூரையாக இழுத்துக் கட்டிய பிரம்மாண்டமான ஃப்ளெக்ஸ் பேனர். அதில் அல்லி யானை அளவுக்கு இறக்கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'நனையாத வாழ்வுக்கு அல்லி ஸ்டோர்ஸ்.' உள்ளே மழைக்கோட்டு, தொப்பி, கூடாரத் துணிக்குத் தேய்க்கிற மெழுகு, தையலில் ஒட்டுகிற டேப், தெளிக்கிற மருந்து எல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தது. வரிசையில் நரி, முயல், பூனை, கடைசியில் ஒரு வெள்ளாடு. நின்று நின்று அலுத்துப்போய் ஆடு தன் டோக்கனையே தின்றுகொண்டிருந்தது.

அல்லி ஒரு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கி நின்றாள். ஒரு சுற்று சுற்றினாள். உள்ளே வந்து கோட்டைக் கழற்றினாள்.

"தொட்டுப் பாருங்க. ஒரு பொட்டு ஈரம் இருக்கா?"

நரி தொட்டுப் பார்த்தது. இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

பொற்கொடிக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. "ஏண்டி அல்லி, நீ கோட்டு இல்லாம நின்னாலும் நனைய மாட்டியே. பொறந்ததுலேர்ந்து நீ என்னைக்கு நனைஞ்சிருக்கே? அதைப் பூனைக்குப் போட்டுக் காட்டு."

வரிசை முகம் சுளித்தது. இருந்தாலும் பூனைக்குப் போட்டார்கள். பூனை மழையில் நின்றுவிட்டு, பிழியாத துணி மாதிரி திரும்பி வந்தது.

"பூனைக்கு இயற்கையிலேயே ஈர உடம்பு" என்றது நரி. நரி ஏற்கெனவே குடும்பத்துக்கே கோட்டு வாங்கிவிட்டது.

"நிக்கிற முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றது முயல். அதுவும் வாங்கிவிட்டது.

"அக்கா, நீங்க கூடாரத்துக்குத்தானே வந்தீங்க?" என்று அல்லி குழைந்தாள். "இந்த மெழுகைத் தேய்ச்சு, நல்ல வெயில்ல மூணு நாள் காய வச்சாப் போதும். அப்புறம் கேளுங்க."

"வெயில் அடிச்சா உன் மெழுகு எனக்கு எதுக்குடி?"

"எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாங்க."

"என் முட்டை நனையுது."

"நனைஞ்சா என்னக்கா? எங்க முட்டையெல்லாம் நல்லாத்தானே பொரிஞ்சது."

"பொரியாம என்ன? போன வருஷம் அதுங்களை அடை காத்தது யாரு, நீயா? நீ மிதந்துக்கிட்டிருந்தே. என் வயித்துக்கடியில போட்டுட்டுப் போனவதானே."

அல்லி அந்தப் பேச்சு காதில் விழாத பாவனையில் அடுத்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் மழையில் இறங்கினாள்.

பொற்கொடிக்கு அழுகை வந்தது. அழுதால் நரி பார்க்குமே என்று அண்ணாந்தாள். மேலே பேனரில் மழை சடசடவென்று அறைந்துகொண்டிருந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை. இந்தக் கடைக்குள் அவள் நின்ற நேரமெல்லாம் முதுகு காய்ந்தேதான் இருந்திருக்கிறது. இவ்வளவு நேரம் தனக்கு உறைக்கவில்லையே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவள் வரிசையின் கடைசிக்குப் போனாள்.

"டோக்கன் தின்னாச்சா?" என்று ஆட்டிடம் கேட்டாள்.

"தின்னாச்சு. இனிமே உள்ள விடமாட்டாங்களாம்."

"கயிறு தின்பீங்களா?"

ஆடு மூங்கிலில் சுற்றியிருந்த கயிற்றை மோந்து பார்த்தது. "தேங்காநாரா, நைலானா?"

"தேங்காநார்தான்."

"எனக்கு என்ன லாபம்?"

"என் கூடாரத்துல தலையை நீட்டிக்க இடம். தலையை மட்டும்தான். முட்டை இருக்கு."

நாலு மூலைக் கயிறும் ஆட்டின் வயிற்றுக்குள் போயின. பேனர் தொப்பென்று ஆட்டின் முதுகில் சரிந்தது. பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னால், ஆடும் கோழியும் அல்லி கடையின் கூரையை இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.

ஒருவர் கேட்கவில்லை. அல்லி மழைக்கு நடுவே சுற்றிச் சுற்றிக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். மழை பட்டு அவளுக்குப் பழக்கமே தவிர, நனைந்து பழக்கமில்லை. தலைக்குமேல் கூரை இருந்தால் என்ன, போனால் என்ன? வரிசையில் நின்றவர்களுக்கோ தலையிலிருந்து வால்வரை தண்ணீர் ஓடியது. ஆனால் கோட்டு வாங்கியாகிவிட்டதே, நனைகிறது என்று எந்த வாயால் சொல்வது? நரி தன் காதிலிருந்த தண்ணீரை நாசூக்காக உதறிவிட்டு, "அருமையான சரக்கு" என்றது. பூனை மட்டும் ஓடிப் போயிற்று.

கூடாரத்தில் வைரமுடி முட்டைகளை விட்டு ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்திருந்தான். "காட்டுக்கே விடியலை" என்று ஆரம்பித்தான்.

"தள்ளுங்க" என்று பொற்கொடி முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றிரண்டில் ஈரம். ஒன்று சில்லென்றே இருந்தது. பேனரைக் கூடாரத்தின்மேல் போர்த்தி, நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு, உள்ளே போய் அத்தனையையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். சொட்டு நின்றது. ஆடு தலையை உள்ளே நீட்டியது. பேச வாய் திறந்த சேவலை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான்.

அப்படியே பொழுது சாய்ந்தது. மேலே பேனரில் மழை அறைவது மட்டும்தான் கேட்டது. பிறகு, அடியில் எங்கோ, லேசாக டொக் என்று ஒரு சத்தம். அவள் குனிந்து காதை வைத்தாள். டொக். சில்லென்றிருந்த அந்த முட்டையேதான்.

வெளியே யாரோ தொப்தொப்பென்று நடந்து வந்து நின்றார்கள். அல்லி. தலையில் ஓர் அட்டைப்பெட்டி. அட்டை ஊறிப் பிய்ந்து, மெழுகு டப்பாக்களும் கோட்டுகளும் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா" என்றாள். "சரக்கெல்லாம் நனையுதுக்கா. நனைஞ்சா வீணாயிடும். உள்ள ஒரு ஓரமா வச்சுக்கட்டுமா?"

ஆடு அசைபோடுவதை நிறுத்தியது. சேவல் கோழியின் முகத்தைப் பார்த்தான். கோழி தலையைச் சாய்த்து முட்டையில் காதை வைத்திருந்தாள்.

"அக்கா, ஒரு ஓரமாத்தான்."

நீதி: எந்தக் கடையிலும் கெட்டியான சரக்கு அதன் விளம்பரம் ஒன்றுதான். விலை விசாரித்து நேரத்தை வீணாக்காமல், போகும்போதே ஓர் ஆட்டைக் கூட்டிக்கொண்டு போகவும்.