ஒத்தை ஓட்டுக்காரர்

புது வாக்காளர் அட்டையில் இருந்த ஆளுக்கு முறுக்கு மீசையும் தலை நிறையச் சுருட்டை முடியும் இருந்தன. அட்டையைக் கையில் வைத்திருந்த கடிகாரக்காரருக்கு இரண்டும் இல்லை. மீசை அவர் வைத்ததே கிடையாது. முடி, அவர் எவ்வளவோ கெஞ்சியும் தங்கவில்லை.

"பேரு நம்ம பேருதான். வீட்டு நம்பர், வயசு, அப்பா பேரு எல்லாம் சரி. மூஞ்சி மட்டும் எவனோடதோ!" என்று மனைவியிடம் நீட்டினார்.

மனைவி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு?"

"சிரிக்கிற விஷயமா இது? தேர்தலுக்கு நாப்பதே நாள்! இந்தத் தடவையும் ஓட்டுப் போடலைன்னா நான் இந்தத் தெருவில குடியிருக்க முடியுமா?"

அவர் பதறியதில் நியாயம் உண்டு. ஐந்து வருடங்களுக்கு முன்னால் நடந்த வார்டுத் தேர்தலில், அவர் கடைக்கு நேர் எதிரே கட்டில் கடை வைத்திருப்பவர் நின்றார். ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். தோற்ற கையோடு, சாயங்காலமே வீடு வீடாக ஏறி, தெருவில் இருந்த அத்தனை பேர் விரலையும் தானே பிடித்துப் பரிசோதித்தார். மை இல்லாமல் அகப்பட்ட ஒரே விரல் நம் கடிகாரக்காரருடையது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தார். சுவரில் நாற்பது கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் நிமிர்ந்து பார்த்தது, இரண்டு மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது என்று பழுதுபார்க்க வந்திருந்த கடிகாரத்தை.

அன்றிலிருந்து அவர் பெயர் 'ஒத்தை ஓட்டு'. சாக்கடை உடைந்தால் ஒத்தை ஓட்டு. தெருவிளக்கு எரியாவிட்டால் ஒத்தை ஓட்டு. ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பூனை காணாமல் போனதற்குக்கூட ஜனங்கள் அவர் ஜன்னலைத்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். கட்டில் கடைக்காரர் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் ஆள்காட்டி விரலை உயரத் தூக்கி, "ஒத்தை ஓட்டு, மக்களே! ஒரே ஒரு ஓட்டு!" என்று தொடங்குவார். அந்த விரல் அப்படியே மெல்ல இறங்கி, கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் கடிகாரக்காரர்மேல் வந்து நிற்கும்.

"நீங்க போட்டிருந்தாலும் சமம்தானே ஆகியிருக்கும்? ஜெயிக்க இன்னொரு ஓட்டு வேணும்ல? அது எங்க போச்சுன்னு எவனும் கேக்கலையே" என்று மனைவி ஒருத்திதான் கணக்குப் போட்டாள். அவள் கணக்கு அந்த வீட்டில் எந்தக் காலத்தில் எடுபட்டது?

மறுநாள் காலை கடிகாரக்காரர் அட்டையோடு தேர்தல் அலுவலகத்தில் நின்றார்.

"படம் மாறியிருக்கு சார்."

"யாரு படம்?" என்றார் எழுத்தர்.

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வரேன்?"

எழுத்தர் அட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். குரல் கடுமையானது.

"இது இவரோட அட்டையாச்சே. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"அட்டை என்னுது சார். மூஞ்சிதான் அவருது."

"சரி. நீங்கதான் நீங்கன்னு காட்ட, படம் போட்ட அட்டை எதுனா வெச்சிருக்கீங்களா?"

"இது ஒண்ணுதான் சார்."

"இதுல நீங்க இல்லையே!"

அரை மணி நேரம் இப்படியே சுற்றிச் சுற்றி வந்தபின் எழுத்தருக்கே தலை சுற்றியது. ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். "இதை நிரப்பி, படம் ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க. அறுபது நாள்ல சரியாயிடும்."

"தேர்தல் நாப்பதாவது நாள் சார்."

"அப்ப அடுத்த தேர்தலுக்கு நீங்கதான் மொத ஆள்." பிறகு இரக்கப்பட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஏன் சார் அலையறீங்க? அட்டையை மாத்துறது எங்க கையில. மூஞ்சியை மாத்துறது உங்க கையில."

இந்தப் பேருண்மை கடிகாரக்காரருக்கு வீடு வருவதற்குள் நன்றாக உறைத்துவிட்டது. விண்ணப்பத்தைக் கொடுத்ததைக்கூட மறந்துவிட்டு, அன்றே மீசை வளர்க்க ஆரம்பித்தார்.

மீசை வளர்ந்தது. ஆனால் வெள்ளையாக வளர்ந்தது. அதுவும் இடது பக்கம் ஒரு வேகம், வலது பக்கம் ஒரு வேகம். அட்டைக்காரன் மீசையோ கன்னங்கரேல். சரி என்று சாயம் வாங்கிப் பூசினார். விடிந்தபோது மேலுதடு தலையணைபோல் வீங்கி, மீசை மூக்குத் துவாரத்தை எட்டிப் பார்த்தது.

"ஏங்க, ஓட்டுப் போடப் போறீங்களா, ஊதப் போறீங்களா?" என்றாள் மனைவி.

வெளியில் தெரிந்தால் மானம் போகும் என்று வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். கேட்டவர்களிடம் பல்வலி என்று சைகை காட்டினார். கட்டில் கடைக்காரர் தினமும் காலையில் வந்துவிடுவார். தேர்தலில் மறுபடியும் நிற்கிறாரே!

"அண்ணே, பல்லு போனா போகட்டும். ஓட்டு?" விரலைத் தூக்குவார்.

கடிகாரக்காரர் துண்டுக்குள்ளிருந்து "ம்ம்" என்பார். முகம் மாறிய கதையைச் சொன்னால் மனிதர் அங்கேயே மயங்கி விழுந்துவிடுவார் என்று பயம்.

கட்டில் கடைக்காரர் தெரு முழுவதற்கும் ஓட்டுப்போடும் நேர அட்டவணை ஒன்று தயாரித்து வீட்டுக்கு வீடு ஒட்டியிருந்தார். எட்டு மணிக்குத் தையல்காரர் குடும்பம், ஒன்பதுக்கு மாடி வீட்டு மாமியாரும் மருமகளும் (தனித்தனி வண்டியில்), பத்துக்கு சலூன்காரர். எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மையில்: 'காலை ஏழு — ஒத்தை ஓட்டு'. ஓட்டுச்சாவடிப் பள்ளிக்கூடத்தில் மேசை எத்தனை, வாசல் எத்தனை என்பதுவரை அந்தத் தாளில் இருந்தது. அத்தனை பேர் பெயரும் இருந்தது, அவர் பெயரைத் தவிர. எழுதினவர் அவர்தானே, அவருக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

வீக்கம் வடிந்ததும் முடிப் பிரச்சினை வந்தது. நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடையில் சுருட்டை டோப்பா ஒன்று கிடைத்தது. ராஜா வேஷத்துக்கானது. வீட்டு மின்விசிறிக் காற்றுக்கே அது பறந்துபோய்க் கஞ்சிப் பானையில் விழுந்தது. தேர்தலுக்கு முதல் நாள், கடிகாரக்காரர் தன் தொழில் மூளையைக் கசக்கினார். கைக்கடிகாரக் கண்ணாடியைத் தண்ணீர் புகாமல் ஒட்டுகிற பசை இருக்கிறதே! தலை முழுக்கத் தடவி, டோப்பாவை வைத்து அழுத்தினார். உலகமே புரண்டாலும் இனி அது நகராது.

கண்ணாடியில் பார்த்தார். அட்டைக்காரனே நின்றான். மனைவி அன்று என்னவோ அவருக்குக் கேட்காமலே இரண்டாவது தடவை காப்பி கொடுத்தாள்.

விடிகாலை ஐந்து மணிக்கு, முன்னெச்சரிக்கையாகக் கடையிலிருந்து கொண்டுவந்த முப்பத்தொன்பது கடிகாரங்களும் ஒன்றாக அலறின. தெரு முழுவதும் எழுந்து உட்கார்ந்தது. நாற்பதாவதை அவர் கொண்டுவரவில்லை. அது அந்தப் பழைய இரண்டு மணி நேரக் கடிகாரம்.

ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வரிசையில் முதல் ஆள் அவர். வாசல் கதவைத் திறந்துவிட்ட பள்ளிக்கூடப் பியூன், "இந்தப் பக்கம் புதுசா சார்?" என்று கேட்டதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வேஷம் அவ்வளவு பொருத்தம்!

அட்டையை நீட்டினார். அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு பட்டியலைப் புரட்டினார்.

"பட்டியல்ல இருக்கிறவருக்கு வழுக்கையாச்சே!"

ஆமாம். அந்த அலுவலகம் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்திருந்தது. அறுபது நாள் விண்ணப்பம் முப்பத்தொன்பது நாளில் சரியாகி, பட்டியலில் கடிகாரக்காரரின் சொந்த வழுக்கை பளபளவென்று அச்சாகியிருந்தது.

உள்ளே ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தவர் கட்டில் கடைக்காரரின் மச்சான். அவர் துள்ளி எழுந்தார்.

"கள்ள ஓட்டு! இவரு எங்க கடிகாரக்கார அண்ணன் இல்ல! புடிங்க சார்!"

சத்தம் கேட்டு வாசலுக்கு வெளியே நின்ற கட்டில் கடைக்காரர் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினார். "எவன்டா அவன்? அஞ்சு வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக் காத்துக்கிட்டு இருக்கேன், அந்த ஓட்டையா திருட வந்தே?"

"நான்தாங்க" என்றது சுருட்டை முடி.

குரல் பழகின குரல். கட்டில் கடைக்காரர் கம்பியைப் பிடித்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முடியைப் பிடித்து இழுத்துக் காட்டச் சொன்னார்கள். பியூன் இழுத்தார், மச்சான் இழுத்தார். தலைதான் கூட வந்தது. மனைவி ஓடிப்போய்க் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தாள். அதில் மாப்பிள்ளைக்கு முடி இருந்ததால் விஷயம் இன்னும் குழம்பியது.

"நானா முடிவெடுக்க முடியாது. மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். பதில் வரட்டும், வெளிய உக்காருங்க" என்றார் அதிகாரி.

பதில் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. 'பட்டியலில் உள்ள படம்போல் இருந்தால் அனுமதிக்கலாம். இல்லாவிட்டால் அனுமதிக்கலாகாது.' இதை எழுத ஒன்பது மணி நேரம்!

ஐந்து மணிக்குக் கதவு மூடிவிடும். கட்டில் கடைக்காரர் அதுவரை ஓய்ந்திருந்தாரா? ஒவ்வொரு வண்டியாக ஆட்களை இறக்கி, கையைப் பிடித்து வாசலுக்குள் தள்ளி, வெளியே வருகிறவர்களின் விரலைப் புரட்டிப் பார்த்து, இடையிடையே தன் விரலைத் தூக்கி, "ஒத்தை ஓட்டு, மறந்துராதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பதிலைக் கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் சலூன்காரர் வீட்டுக்கு ஓடினார். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த சலூன்காரரைப் பெட்டியோடு இழுத்துக்கொண்டு திரும்பியபோது மணி நாலு முப்பத்தைந்து.

பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே, நடுத்தெருவில், கடையிலிருந்து வந்த புதுக் கட்டிலில் கடிகாரக்காரரை உட்காரவைத்தார்கள்.

"மீசை ரெண்டு இழுப்புல போயிடும். இது என்ன பசைங்க? கத்தி மழுங்குது!" என்றார் சலூன்காரர்.

"தண்ணி புகாத பசை."

"கத்தியே புகலையே சாமி!"

"பேசாதய்யா, சிரை!" என்று கட்டில் கடைக்காரர் கடிகாரக்காரரின் தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அசையாதீங்க. காது போனா நான் வாங்கித் தரேன்."

நாலு ஐம்பத்தெட்டுக்கு, அங்கங்கே திட்டுத் திட்டாகச் சுருட்டை ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு மாதிரி வழுக்கை வெளியே வந்தது. கட்டில் கடைக்காரர் பின்னாலிருந்து ஒரே தள்ளு. கடிகாரக்காரர் கதவுக்குள் போய் விழுந்தார். பியூன் கதவை இழுத்துச் சாத்தவும் மணி ஐந்து அடிக்கவும் சரியாக இருந்தது.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். திட்டுகளைக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"போடுங்க மையை."

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த கடிகாரக்காரர் மை வைத்த விரலைக் காற்றுப் படாமல் ஏந்திக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நடந்து வந்தார். ஐந்து வருடப் பாரம் இறங்கிவிட்டது. இனி அவர் வெறும் கடிகாரக்காரர். பூனைகளுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் தெருவே கூடியிருந்தது. கட்டில் கடைக்காரர் கட்டில்மேல் ஏறி நின்று, விரலை வானத்துக்குத் தூக்கி முழங்கினார்.

"மக்களே! அன்னைக்கு விட்ட ஒத்தை ஓட்டு இன்னைக்கு உள்ள விழுந்துருச்சு! ஒரு ஓட்டோட அருமை இப்பவாவது தெரியுதா?"

கைதட்டல் அள்ளிக்கொண்டு போயிற்று. கடிகாரக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க பியூன் சார், தங்கமான மனுஷன். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்காம, ஒவ்வொருத்தர் ஓட்டுக்கும் இப்படி அலையறாரு. போன தடவை என்னாலதானே தோத்தாரு!"

பியூன் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவர் தூக்கிப் புடிச்சிருக்காரே, அந்த விரல்ல மை எங்க சார்? டிக் போட்ட பட்டியலைக் கட்டி வைக்கிறவன் நான், எனக்குத் தெரியும். போன தடவையும் இதே மாதிரி ஊரையே உள்ள தள்ளிவிட்டுட்டு, அவரு ஓட்டைப் போட அவருதான் மறந்துட்டாரு."