மூச்சடக்கி அண்ணாச்சியும் என் மண்டபத் தூண்களும்

தூத்துக்குடியில் என் சொற்பொழிவை நடுவில் நிறுத்தும் துணிவு பெற்ற மனிதர் ஒருவரே. அவரும் அதை வாயைத் திறக்காமலே செய்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் கடற்கரைத் தெரு இலவச மருந்தகத்துக்கு நான் செயலாளர். படகுக்காரர்களும் கடைக்காரர்களும் வருமானத்தில் ஒரு பங்காகத் தரும் மகமையில் அது நடந்தது. எதற்குச் செலவிடுவது என்பதைப் பட்டதாரிகள் ஐவர் முடிவு செய்வோம், ஊரார் கைதட்டுவார்கள். முத்துக்குளித்து ஓய்ந்த 'மூச்சடக்கி' அண்ணாச்சிக்கு மட்டும் இந்த ஏற்பாடு ஒப்பவில்லை. எங்கள் பேச்சு நீண்டால் மூக்கைப் பொத்தி மூச்சை அடக்கிவிடுவார்.

ஓர் ஆண்டு மிஞ்சிய மகமையில், மருந்தகத்துக்குத் தூண்கள் தாங்கிய முகப்பு மண்டபம் எழுப்பலாம் என முன்மொழிந்தேன். கல்வெட்டில் செயலாளர் பெயர் இடம்பெறுவது தற்செயலே. என் உரை கிரேக்கக் கட்டடக்கலையை எட்டியபோது அண்ணாச்சியின் முகம் கத்தரிக்காய் நிறமாயிற்று.

"சார், சட்டுனு முடிங்க! ஆளு போயிருவாரு!" என்று கூட்டம் அலறியது.

அமர்ந்தேன். அவர் மூச்சுவிட்டு எழுந்தார்.

"முத்துக்குளிக்கையில மேல படகுல கயிறு பிடிக்க யாரை வைப்போம்? மச்சானைத்தான? நாம செத்தா தாலியறுக்கது அவன் கூடப்பொறந்தவ. அதான் கயித்த விடமாட்டான். இங்கன கயிறு பிடிக்கிற அஞ்சு பேரும் சீக்குன்னா மதுரைக்குப் போறவுக. இத விட்டா நாதியில்லாதவங்ககிட்ட கேளுங்க, சார். ஏளா, சொல்லுங்களேன்!"

பின்னால் நின்ற மீன்காரி ஒருத்தி வாய் திறந்தாள்: "தூணைக் கட்டிப்பிடிச்சா எளப்பு நிக்குமா? ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிப் போடுங்க. எங்க வீட்டு மனுசன் அது இல்லாமத்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போனாரு."

கை தூக்கச் சொன்னார்கள். பொருளாளர் உட்பட அனைவரும் சிலிண்டர் பக்கம். மண்டபத்துக்கு என் கை மட்டும் நின்றது, தூணைப் போலவே.

மூன்று மாதம் அவரோடு நான் பேசவில்லை. நான்காம் மாதம், ஒரு நண்பகலில், எனக்கே இளைப்பு கண்டது. மதுரை எவ்வளவு தூரம் என்பது அன்றுதான் விளங்கிற்று. கண் விழித்தபோது மருந்தகக் கட்டிலில் கிடந்தேன். மூக்கில் அந்தச் சிலிண்டரின் குழாய். அதை இரு கைகளாலும் பற்றியபடி அருகில் அண்ணாச்சி.

"சொந்தக்காரங்க மட்டுந்தான் இருக்கலாம். நீங்க யாரு?" என்று புதிதாக வந்த நர்ஸ் அதட்டினார்.

"சாருக்கு மச்சான்" என்றார், பிடியைத் தளர்த்தாமல்.

எங்கள் இரு குடும்பங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஆயினும் நான் மறுக்கவில்லை. இன்றுவரை மறுத்ததில்லை.