முப்பது கப்பல்களுக்கு ஒப்புதல்

“என் நானூறு வேல்வீரர்களும் கரையில நின்னே செத்துப்போயிட்டா. உன் கப்பல் ஒண்ணுகூட வரலை!”

வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்த சேஷன் ஷூவைக்கூடக் கழற்றாமல் இப்படிக் கத்தினார். மனைவி மீனாக்ஷி குக்கரை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: “எழுத்துமூலமா கேட்டேளா?”

“செவ்வாய்க்கிழமையே சொன்னேனே!”

“தோசை வார்த்துண்டிருக்கறச்சே வாயால சொன்னேள். அதுக்குப் பேர் கோரிக்கையா?”

தில்லி கிட்வாய் நகரில் வசிக்கும் மத்திய அரசுத் தமிழ் அதிகாரிகள் இருபத்திரண்டு பேர் கூட்டணியாகச் சேர்ந்து போனில் ஆடும் புராதனப் போர் விளையாட்டில் சேஷன் தரைப்படைத் தளபதி. எதிரித் துறைமுகத்தைக் கப்பல்கள் முதலில் மறிக்க வேண்டும். இல்லாவிட்டால் கரையேறிய படை அம்புக்கு இரை. சிலரிடம் கொஞ்சம் கப்பல்கள் இருந்தாலும் கப்பற்படையைக் கவனிக்க ஆளில்லாமல் இரண்டு மாதம் முன்பு மீனாக்ஷியைச் சேர்த்தார்கள். விளையாட்டுக்கும் ஃபைல் போடுகிற கூட்டம் என்று கான்வென்ட் ஆங்கிலத்தில் அவள் சிரித்த சிரிப்பு இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள், வாய்மொழிக் கோரிக்கைகள் பரிசீலிக்கப்பட மாட்டா என்று அவளே சுற்றறிக்கை விட்டாள்.

நடைமுறை என்றதும் சேஷன் அடங்கிவிட்டார். ஃபைலாவது சரியாக இருக்கட்டும் என்று உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அவளும் உடனே ஒப்புதல் அளித்தாள். அவளிடமிருந்த முப்பது கப்பல்களும் கிளம்பின.

“வீரர்கள்தான் செத்தாச்சே, கப்பல் எதுக்கு?”

“சாங்ஷன் ஆயிடுத்து. போகாம நின்னா நாளைக்கு யார் பதில் சொல்றது?”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக சேஷன் அவளை மரியாதையோடு பார்த்தார்.

சனிக்கிழமை காலை, காப்பியும் கையுமாக மீனாக்ஷி போனைத் திறந்தாள். மத்தியானத் தூக்கத்தையெல்லாம் விட்டு அவள் கட்டிய துறைமுகம் காவலின்றிக் கிடந்தது. அதை அறுபது கப்பல்கள் மறித்து நின்றன. எல்லாம் எதிரியான துவாரகா கூட்டணியின் கவிதாவுடையவை. பிரைவேட் கம்பெனிக்காரி, அவளுக்கு விளையாட ஒழிவதே சனிக்கிழமைதான். படை இறங்க இன்னும் நாற்பது நிமிஷம்.

“ஏன்னா, மிச்சப் படையை என் துறைமுகத்துக்குத் திருப்புங்கோ, ஜல்தி!”

சேஷன் பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார்: “இன்னிக்கு லீவு. லீவு நாள்ல ஆபீஸ் வேலையை நான் தொடறதில்லே.”

சனி, ஞாயிறில் கிட்வாய் நகர்க் கூட்டணியில் ஒரு துடுப்புகூட அசைந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோரிக்கை, ஒப்புதல் என்ற நடைமுறையையெல்லாம் மறந்து கூட்டணியில் அத்தனை பேருக்கும் அனுப்பினாள்:

“யாராவது ஒரு பத்துக் கப்பல் அனுப்புங்களேன், ப்ளீஸ்.”