மூழ்காத கப்பலும் பின்பக்க அறையும்

இந்த வருடம் மூழ்குவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததோடு நிற்காமல் அதை மனைவியிடமும் சொல்லித் தொலைத்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மூழ்குவது என் கப்பல்தான். ஆனால் எங்கள் சங்கத்தில் ஆளுக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ரிமோட்டில் ஓடும் போர்க்கப்பல் கட்டிச் சண்டை போடுகிறவர்களின் சங்கம் அது. பொம்மைதானே என்று நினைத்துவிடாதீர்கள். தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். உள்ளே மோட்டார், பேட்டரி, காஸ் சிலிண்டர், குட்டிப் பீரங்கி. பீரங்கியிலிருந்து மிளகு சைஸில் இரும்புக் குண்டு பறக்கும். கப்பலின் பக்கச் சுவர் பால்சா என்கிற மரத்தகட்டில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டைவிரலால் அழுத்தினாலே உடைகிற மரம் அது. குண்டு பட்டால் ஓட்டை, ஓட்டை வழியே தண்ணீர், தண்ணீரை வெளியே தள்ள ஒரு சின்ன பம்ப். பம்ப் ஜெயித்தால் மிதக்கலாம். தண்ணீர் ஜெயித்தால் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பூங்காக் குளத்தில் இறங்கி, சேற்றுக்குள் கப்பலைத் துழாவ வேண்டும். பார்த்துப் பார்த்துக் கட்டியதை ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சுட்டு மூழ்கடிப்பதில் வளர்ந்த ஆண்களுக்கு என்ன சந்தோஷம் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கலந்துகொண்ட எல்லா வருடமும் மூழ்கியிருக்கிறேன். சங்கத்தில் எனக்கு 'நீர்மூழ்கி' என்று பெயர். வைத்தவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். என்னைத் தவறாமல் மூழ்கடிப்பவரும் அவரே. பல் பிடுங்குகிற அதே பொறுமையோடு சுடுவார். நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீடு செய்கிறவன். ஊரான் கார் எங்கே நசுங்கியது, ஏன் நசுங்கியது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். என் கப்பல் ஏன் மூழ்குகிறது என்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

கப்பல் கட்டுவது எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில். சந்துப் பக்கம் தனி வாசல் உள்ள அறை. அந்த அறையின் மேல் மனைவிக்கு வெகுநாளாகக் கண். அவள் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அறை கேட்டாள். பார்க்கலாம் என்றேன். மறுபடி கேட்டாள். பசை காயட்டும் என்றேன். ஒருநாள் பசியோடு வீட்டுக்கு வந்தால், டைனிங் டேபிள் மேல் முன்பின் தெரியாத அம்மாள் ஒருவர் குப்புறப் படுத்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொன்னார். நின்றுகொண்டே சாப்பிட்டேன். நிலைமை முற்றிவிட்டது என்று அப்போது புரிந்தது.

அன்றுதான் அந்த வீரவசனம்.

"இந்த வருஷம் நான் மூழ்க மாட்டேன்."

"மூழ்கிட்டா?"

"கப்பல் கட்டறதையே விட்டுடறேன். ரூம் உனக்கு."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வருஷம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. இது சத்தியம்."

"சரி, மூழ்கலைன்னா?"

"ரூம் பேச்சை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது."

துண்டை மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். சரிங்க என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது.

யோசித்துப் பாருங்கள். நான் மூழ்கினால் அவளுக்கு லாபம். ஒரு சின்ன ஊசி போதும், பால்சாவில் ஓட்டை போட. அன்றிலிருந்து அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சட்டையைத் துவைக்கப் போடவில்லை. அவளும் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில் நீர் நிரப்பிக் கப்பலைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். நான் இரண்டு கையையும் விரித்துக் கப்பலை மறைத்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளாமல், பம்ப் ஏன் முன்பக்கம் இருக்கிறது என்று கேட்டாள். குண்டடி படுவது முன்பக்கம்தானே என்றேன்.

"ஓடும்போது மூக்கைத் தூக்கிட்டுப் போகுதே. உள்ள வர்ற தண்ணி பின்னாடிதானே போய்ச் சேரும்? உங்க பம்ப் காத்தைத்தான் உறிஞ்சிட்டிருக்கு."

கப்பல் கட்டும் கலை பற்றி அவளுக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் பம்ப்பைப் பின்பக்கம் மாற்றினேன்.

அடுத்தது இன்னும் மோசம். ரிமோட்டைக் கையில் கொடுத்து, கப்பலை ஓட்டிக்காட்டச் சொன்னாள். ஓட்டினேன். அவள் கப்பலைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"சுடறதுக்கு முன்னாடி உங்க வலது தோள் காது வரைக்கும் ஏறுது."

"ஏறினா ஏறட்டும். சுடப்போறது கப்பல்தானே?"

"பல் டாக்டர் குளத்தைப் பார்க்கறதே இல்லீங்க. உங்க தோளைத்தான் பார்க்கறார். அது ஏறின உடனே அவர் கப்பலைத் திருப்பிடறார். போன வருஷம் கரையில நின்னு கவனிச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடத் தோல்வியும் என் சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. பம்ப்புக்கு ஆற்றியதுபோல இதற்கும் சொற்பொழிவு ஆற்றலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்கே வலது தோள் ஏறியது.

அன்றுமுதல் எனக்குப் பயிற்சி. சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். தோளை இறக்க வேண்டும். கையைத் தூக்காமல் விரலை மட்டும் அசைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் என் தோளைப் பிடித்துவிடுவாள். எனக்கு மனசு இளகிவிட்டது. தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே புருஷனின் மானத்துக்காக இப்படிப் பாடுபடுகிறாளே, இவளையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அறையின் பூட்டை எடுத்துவிட்டேன். சட்டையையும் துவைக்கப் போட்டேன்.

போட்டியன்று வலது தோளில் அசையாதபடி பட்டையாக டேப் ஒட்டி அனுப்பினாள். குளத்தைச் சுற்றி நல்ல கூட்டம். ஒவ்வொரு கப்பலாக முங்க, கடைசியில் மிஞ்சியது பல் டாக்டரும் நானும். அவர் என் தோளையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் சிலையாக இருந்தது. சுட்டேன். அவர் கப்பல் திரும்பவில்லை. திரும்பவும் சுட்டேன். அவர் என்னை இன்னும் உற்றுப் பார்த்தார், இவனுக்கு உடம்பு சரியில்லையோ என்கிற மாதிரி. அவரும் நன்றாகத்தான் சுட்டார். என் கப்பலின் பக்கச் சுவர் சல்லடையானது. ஆனால் பின்பக்க பம்ப் தண்ணீரை வாரி வாரிக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் டாக்டரின் கப்பல் ஒருக்களித்துப் படுத்தது. அவர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குளத்தில் இறங்கிய காட்சியைச் சாகும்வரை மறக்க மாட்டேன். கரையில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் என் மனைவி.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். தாங்கித் தாங்கி நடந்துவந்து கோப்பையைக் கொடுத்தார். என் கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டினார். எதற்கு என்றேன்.

"இந்த வருஷ வெற்றியாளர்தான் அடுத்த வருஷ நடுவர். சங்கம் ஆரம்பிச்சதிலேர்ந்து இதுதான் வழக்கம். நடுவர் யார் பக்கமும் சாயக் கூடாதில்லையா? அதனால அதுவரைக்கும் கப்பல் வெச்சிருக்கக் கூடாது, கட்டவும் கூடாது. கப்பல், கருவி, மரம் எல்லாம் சங்கத்து பீரோவுக்கு வந்துடும். நம்ம ஆளுங்க இப்பவே வண்டியோட வந்து எடுத்துக்குவாங்க. தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. எப்படித் தெரியும்? வருடா வருடம் பரிசு கொடுக்கிற நேரத்தில் நான் குளத்துக்குள் கப்பலைத் துழாவிக்கொண்டிருப்பேன். போன வருடம் ஜெயித்த சைக்கிள் கடைக்காரர் இந்த வருடம் ஏன் வெறும் விசிலோடு நின்றார் என்றுகூட நான் யோசிக்கவில்லை. தோற்கிறவன் ஜெயித்தவனுக்கான சட்டத்தை விசாரித்து வைத்துக்கொள்வதில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போவதற்குள் வண்டி வந்து நின்றிருந்தது. ரம்பம், பசை, பால்சா, பாதி கட்டிய இன்னொரு கப்பல், எல்லாம் போயிற்று. காலியான அறை இவ்வளவு பெரியதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மனைவி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். தலைவரோட முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில நான்தானே வைத்தியம் பார்க்கறேன். வலி தெரியாம இருக்கப் பேச்சு கொடுப்பேன். எல்லாம் சொல்லுவார்."

"நான் தோத்திருந்தாலே ரூம் உனக்குக் கிடைச்சிருக்கும். எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டே?"

"நீங்க தோத்தா விடற ஆளா? மறுநாளே மரம் வாங்கப் போயிருப்பீங்க. உங்க சத்தியத்தை நம்பி நான் நோயாளிங்களுக்குக் கட்டில் ஆர்டர் பண்ண முடியுமா?"

"கட்டில் ஆர்டர் பண்ணிட்டியா?"

"நீங்க பம்ப்பைப் பின்னாடி மாத்தின அன்னிக்கே."

ஒரு வருடம்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மெல்லச் சொன்னேன். ஆமாம், ஒரு வருடம் போதும், அதற்குள் நோயாளிகளுக்குச் சந்து வாசல் பழகிவிடும் என்றாள்.

மறுநாள் காலையில் கட்டில் வந்தது. இரும்புச் சட்டம், தடித்த மெத்தை, நல்ல கனம். கொண்டுவந்தவர் ஒரே ஆள். மறுமுனையைப் பிடிக்க வீட்டில் என்னை விட்டால் வேறு ஆளில்லை. வெற்றி வீரன் என்ற மிடுக்கில் ஒரே மூச்சில் தூக்கினேன். சந்து வாசலைத் தாண்டும்போது இடுப்பில் சுளீர் என்றது. அதற்குப் பிறகு என்னால் நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

அந்த அறையின் முதல் நோயாளி நான்தான்.