பெண் வேண்டாம் என்றால் வெற்றிலை என்ன ஆகும்?

சோழவந்தான்

அன்பு மச்சான் காசிமாயனுக்கு முத்திருளன் எழுதுவது. நானும் உன் அக்காவும் கொடிக்காலும் நலம். பேரையூர்ப் பக்கம் மழை உண்டா? வெள்ளிக்கிழமை நம் மகள் ஆர்த்திகாவுக்கு நிச்சயம். தாய்மாமன் தட்டோடு காலையிலேயே வந்துவிடு. பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று விசாரித்திருந்தாய். நல்ல வரன், கேட்க என்ன இருக்கிறது?

என் குழப்பம் வேறு. நம் வெற்றிலைக் கடையின் இணையப் பக்கத்தை ஆர்த்திகாதான் நடத்துகிறாள். போன முகூர்த்தத்தில் திருப்பரங்குன்றத்துக்காரர் ஒருவர் தேதி போடாமல் ஆர்டர் கொடுக்க, பக்கம் அதையும் வாங்கிக்கொண்டது. கல்யாணத்துக்கு மறுநாள் கொண்டுபோய் இலையை இறக்கி, வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். அன்றே அவள் பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஃபங்ஷனல் மொழி என்று ஏதோ ஒரு கணினி மொழியில் எல்லாவற்றையும் திரும்ப எழுத உட்கார்ந்துவிட்டாள். "இதுல ஒரு தடவை வச்சதை மாத்த முடியாதுப்பா" என்றாள். இலை பழுத்தாலுமா என்று கேட்டேன். சிரிக்கிறாள். அதோடு விட்டதா? என்னென்ன நடக்கலாமோ அம்புட்டுக்கும் பதில் எழுதினால்தான் அந்த மொழி ஓடச் சம்மதிக்குமாம்.

"கல்யாணம் தள்ளிப்போனா என்ன செய்ய?" என்று கேட்டாள். பதில் சொன்னேன். "மண்டபம் மாறுனா?" அதுவும் சொன்னேன். "பொண்ணு வேண்டாம்னுட்டா?"

மச்சான், மங்கலப் பொருள் விற்கிற கடையில் கேட்கிற கேள்வியா இது?

"வாயைக் கழுவு தாயி. அப்படியெல்லாம் நடக்காது, அதை எடுத்துரு."

"எடுத்தா ஓடாதுப்பா. இந்தா பாருங்க, பதில் எங்கேன்னு செவப்பா நிக்கிது."

அடுப்படியிலிருந்து உன் அக்கா, "கேட்டதுக்குப் பதிலைச் சொல்லித் தொலைங்களேன், நம்மளை என்ன கடிச்சா தின்னப் போகுது" என்கிறாள். சரி, எவன் வீட்டுப் பெண்ணோதானே என்று பெருந்தன்மையாக ஒன்றைச் சொன்னேன். ஆர்த்திகா ஒரு எழுத்துக்கூட விடாமல் தட்டினாள். சிவப்பு போய்விட்டது. முதல் ஆர்டராக நம் வீட்டு நிச்சயத்துக்கே ஐம்பது கவுளி வெற்றிலை போட்டுவிட்டாள். பிள்ளைக்கு எம்புட்டு ஆசை பார்!

குலசாமி உன் வீட்டையும் காடுகரையையும் காக்கட்டும். பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான் முத்திருளன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது போன் கத்தியது. நம் ஐம்பது கவுளி ஆர்டரில் 'பெண் மறுத்துவிட்டார்' என்பதை ஆர்த்திகா அழுத்தியிருக்கிறாள். நான் சொன்னது அப்படியே வந்து நிற்கிறது: "பரவாயில்லை. இலையை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம். பெண்ணை யாரும் திட்ட வேண்டாம்." உன் அக்கா அதை எனக்கே இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். ஆகையால் திட்டவில்லை. தட்டு வேண்டாம், நீ மட்டும் வா. மாப்பிள்ளை வீட்டாரிடம் யார் போய்ச் சொல்வது என்று அந்த மொழி என்னைக் கேட்கவே இல்லை. நான் உன்னைக் கேட்கிறேன்.