மக்களிடம் கொண்டு சேர்ப்பவர்

கொசு, கரப்பான், கொண்டு சேர்ப்பவர். இந்த மூன்றும் இல்லாத ஊர் இப்போது நம் பக்கத்தில் கிடையாது. முதல் இரண்டுக்கும் கடையில் மருந்து இருக்கிறது.

கொண்டு சேர்ப்பவர் எதையும் ஆராய்வதில்லை, எதையும் எழுதுவதும் இல்லை. ஆனால் வேறொருவர் வெயிலில் அலைந்து, கணக்குப் போட்டு, அடிக்குறிப்போடு எழுதி, பைண்டு செய்து வைத்த ஆய்வறிக்கையைப் பார்த்துவிட்டால் மட்டும் அவருக்கு மனசு பொறுக்காது. "இது மக்களப் போய்ச் சேரோணுமுங்க" என்பார். சேர வேண்டாம் என்று யார் சொன்னது?

தமிழரசுவை எடுத்துக்கொள்வோம். நாமக்கல்லில் முட்டை மொத்த வியாபாரக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். ஏசி, காபி மெஷின், ஒரு வெள்ளைப் பலகை. பலகையில் எங்கெங்கிருந்தோ கிளம்புகிற அம்புக்குறிகள் எல்லாம் 'மக்கள்' என்று எழுதிய வட்டத்துக்குள் போய் முடியும். அந்த வட்டத்துக்குள்ளிருந்து ஒருவராவது மாடியேறி வந்து நான் பார்த்ததில்லை.

அவரிடம் போய் மாட்டியது கயல்விழியின் அறிக்கை. கயல்விழி கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். ராசிபுரம் பக்கம் ஓர் ஊரில் இரண்டு வருடம் ஸ்கூட்டரில் பாட்டில் பாட்டிலாகப் போர்வெல் தண்ணீர் எடுத்துவந்து சோதித்தார். அறிக்கை தலையணைத் தடிமன். சாரம் இவ்வளவுதான்: உரத்திலிருந்தும் கோழி எருவிலிருந்தும் இறங்கிய நைட்ரேட், அந்த ஊரின் ஏழு போர்வெல்லில் அளவுக்கு மேல் இருக்கிறது. கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கக் கூடாது, கலந்தால் உடம்பு நீலம் பாரிக்கும்; காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. இதை அன்றைக்கே ஊரில் போய்ச் சொல்லத்தான் அவர் துடித்தார். ஆய்வுக்குப் பணம் கொடுத்து, வெளியீட்டைத் தமிழரசுவிடம் ஒப்படைத்த அறக்கட்டளையோ, டிஜிட்டலாக வெளியிடும்வரை வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

"ரிப்போர்ட்டு பிரமாதமுங்க மேடம். ஆனா ஒருத்தரும் படிக்க மாட்டாங்க" என்றார் தமிழரசு.

"நீங்க படிச்சீங்களா?"

"அதத்தானுங்க சொல்றேன்."

பிறகு சடங்குகள் தொடங்கின. முதலில் ட்ரோன். அந்த ஏழு போர்வெல்லும் மாட்டுக் கொட்டகைக்கும் கோழிப் பண்ணைக்கும் பின்னால் இருந்ததால் படத்துக்கு எடுப்பாக இல்லை. ஆகவே பின்னால் கொல்லிமலை தெரிகிற, நல்ல தண்ணீர் உள்ள, வேறொரு கிணற்றை எடுத்தார்கள். அடுத்து புல்லாங்குழல். அடுத்து ஒரு பெண் குரல், "நான்தான் தண்ணீர் பேசுகிறேன்" என்று ஆரம்பித்து ஆதிமனிதன், ஆற்றங்கரை நாகரிகம் எல்லாம் பேசியது. நைட்ரேட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. "காய்ச்சினாலும் போகாது" என்ற வரி பின்னணி இசையோடு ஒட்டவில்லையாம், வெட்டிவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, அரை நிமிட வீடியோவானது.

கடைசியில், போனில் பார்க்கிற போர்வெல் வரைபடம்.

"செவப்பு போட்டாப் பயந்துக்குவாங்க மேடம். பயந்தா மூடிட்டுப் போயிருவாங்க. நம்ம லோகோவு பச்சை. அந்த ஏழுக்கும் பச்சையே போட்டுரலாமுங்க."

"கெட்ட தண்ணிக்குப் பச்சையா?"

"தொட்டுப் பாத்தா வெவரம் வருமுங்களே."

கயல்விழி சண்டை போட்டார், மெயில் அனுப்பினார். அறக்கட்டளைக்குப் பச்சை பிடித்திருந்தது. சேலத்தில் ஒரு ஓட்டல் அரங்கில் நடந்த வெளியீட்டு விழாவில் பொன்னாடை, குத்துவிளக்கு, செல்ஃபி எல்லாம் அமர்க்களப்பட்டன. ஊருக்குப் போனது ஒன்றே ஒன்று: பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடு.

அதை அக்கறையாகத் திறந்து பார்த்தவர் பிரவீனா. மூன்று மாதப் பெண் குழந்தையின் தாய். வரைபடத்தில், அந்த ஏழில் ஒன்றான அவர் வீட்டுப் போர்வெல் பச்சைப் பசேல் என்று மின்னியது. கல்லூரி தலையில் கட்டிய விடைத்தாள் திருத்தும் வேலை முடிந்ததும் கயல்விழி நேரே அந்த ஊருக்குப் போனார். பிரவீனா சிரித்த முகத்தோடு வரவேற்றார்.

"எங்கூட்டுப் போர்வெல்லு நல்ல தண்ணின்னு போன்லயே போட்டிருக்குதுங்களே அக்கா. அதான் பாப்பாவுக்குக் கேன் தண்ணி வாங்கறத நிறுத்திப்புட்டனுங்க. நல்லாக் கொதிக்க வெச்சுத்தானுங்க பால் கலக்கறேன்."

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. கயல்விழி பேச்சை நிறுத்தி, கிடைத்த காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு சேலத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

மறுநாள் அவர் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டோடு போய், ஏழு குழாயிலும் தன் கையால் பெருக்கல் குறி போட்டார். வீடு வீடாக ஏறிக் காரணமும் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. தமிழரசுவுக்கும் தெரிந்தது. கேமராவோடு வந்து இறங்கியவர், "அந்தக் கடைசிக் குழாய மட்டும் இன்னொருக்கா மெதுவாப் பூசுங்க மேடம்" என்றார். எடுக்காமல் விடுவாரா? 'எங்கள் திட்டத்தின் தாக்கம்' என்ற தலைப்பில் அந்த வீடியோ லட்சக்கணக்கில் ஓடியது. அறக்கட்டளை அடுத்த திட்டத்தையும் அவருக்கே கொடுத்திருக்கிறது.

சே, இப்படியும் ஒரு மனிதனா என்கிறீர்கள். நியாயம்தான். நானும் அதைத்தான் சொல்கிறேன். இதைப் படித்த சூட்டோடு நாலு குழுவுக்கு அனுப்பவும் போகிறீர்கள். 'அவசியம் படிக்கவும், மக்களிடம் கொண்டு சேர்க்கவும்' என்று மேலே ஒரு வரியும் போடுவீர்கள். தாராளமாக அனுப்புங்கள்.

அதற்கு முன் ஒன்று. ஏழு போர்வெல்லிலும் விஷம் ஊறுகிற அந்த ஊரின் பெயரை இதுவரை நான் எங்கேயும் சொல்லவில்லை. உங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.