மச்சினனின் ஜோடி

நல்ல தமிழில் பேசுவது எல்லா நேரத்திலும் நல்லதல்ல. அதுவும் பெண் கேட்டுப் போன வீட்டில், மாப்பிள்ளைக்கு டென்னிஸ்தான் வேலை என்னும்போது, நாலு ஆங்கில வார்த்தையைக் கலந்து பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவதே உத்தமம். இதை நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஒரு வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

என் மனைவியின் தம்பி கார்த்தி டென்னிஸ் ஆட்டக்காரன். டிவியில் வருகிற பெரிய போட்டிகளில் இல்லை. அதற்கு அடுத்த படியில், சேலஞ்சர் என்பார்களே, அதில். அதிலும் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் டபுள்ஸ் மட்டும். எங்கள் ராஜபாளையத்தில் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வேலை என்ன பாக்காரு?" என்பார்கள். இப்படியே ரெண்டு மூன்று இடம் தட்டிப்போனது. பயல் வெறுத்துப்போயிருந்த நேரத்தில்தான் மீனாவின் போட்டோ வந்தது. இந்த இடத்தை மட்டும் எப்படியாவது முடித்துக் கொடுங்கள் அத்தான் என்று கெஞ்சினான். (என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்த முதல் ஆள் அவன். கடைசி ஆளும் அவன்தான்.)

மீனாவின் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் முன்னால் போய் சேலஞ்சர், டபுள்ஸ், பார்ட்னர் என்று உளறினால் நம் மதிப்பு என்ன ஆவது? பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துத் தயாரானேன். சேலஞ்சர் என்றால் இரண்டாம் தரப் போட்டி. டபுள்ஸ் என்றால் இரட்டையர். பார்ட்னர் என்றால் ஜோடி. பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் சென்னையில் கார்த்திக்கு ஆட்டம் இருந்தது. அதைச் செல்போனில் நேரடியாகக் காட்டி அசத்திவிடலாம் என்பதும் என் திட்டம்.

நான் போய் உட்கார்ந்ததுமே வாத்தியார் பால்கோவா வாங்கக் கிளம்பிவிட்டார். (அந்த ஊரில் யார் வீட்டிலும் பால்கோவா இருக்காது. கடைதான் பக்கத்திலேயே இருக்கிறதே.) மீனாவின் அம்மா அடுப்படியில் மிக்ஸியை ஓட்டிக்கொண்டே மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார். பாடம் செய்ததை வீணாக்க மனமில்லை. மிக்ஸிக்கு மேலே குரலை உயர்த்தி, கார்த்தி இப்போதைக்கு இரண்டாம் தரம், இரட்டையர், ஜோடி வெளிநாடு என்று ஒப்பித்தேன்.

மிக்ஸி நின்றது.

"ரெண்டாந்தாரமா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா வெளியே வந்தார். தரத்துக்கு ஒரு துணைக்கால் முளைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

"ஆமாம்மா. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ஒலகத்துல முக்காவாசிப் பேரு அப்பிடித்தான்" என்றேன்.

ஜோடியின் பெயரைக் கேட்டார். நிகிதா, கஜகஸ்தான் நாடு, அவிய ரொம்பத் தங்கமான ஆள் என்றேன். (மரியாதையாகப் பேசியதுதான் வினை. 'அவிய' என்றால் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்?) ஒன்றாகத்தான் தங்குகிறார்களா என்று கேட்டார். ஒரே ரூம்தான், செலவும் மிச்சம் என்றேன். அந்தம்மாவின் முகம் ஏன் இப்படிப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. தைரியம் சொல்வதாக நினைத்து, போன வருஷம் வேறு ஜோடி, ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்வார்கள் என்று சேர்த்துச் சொன்னேன்.

"கல்யாணத்துக்குப் பொறவு?"

"பொறவும் அவியளோடதான்மா. பொழப்பே அதுதான?"

அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரெட்டை ரெண்டும் இப்ப எங்க இருக்கு?"

அஃறிணையில் கேட்டது எனக்குக் கொஞ்சம் இடித்தது. இருந்தாலும், ரெண்டும் சென்னையில்தான் இருக்கிறது, செத்த நேரத்தில் போனிலேயே காட்டுகிறேன் என்றேன்.

அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார். அவர் கையிலிருந்த பால்கோவாப் பொட்டலம் என்னைத் தாண்டி நேராக ஃபிரிட்ஜுக்குள் போனது. உள்ளே ஏதோ குசுகுசுவென்று பேச்சு. வெளியே வந்த வாத்தியார், ராஜபாளையத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு என்று பொதுவாகச் சொன்னார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கார்த்தியின் முகம்தான் கண்ணில் வந்து நின்றது. அழுகை வராத குறை. ஆட்டத்தைப் பார்த்துவிட்டாவது முடிவு சொல்லுங்கள் என்று போனை நீட்டினேன்.

வாத்தியார் பார்க்கவில்லை. அந்தம்மா பார்த்தார். அந்த நிகிதா எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டாமா?

திரையில் கார்த்தி. பக்கத்தில் ஆறரை அடி உயரத்தில் ஒரு தாடிக்காரர். பாயின்ட் முடிந்ததும் இருவரும் கையைத் தட்டிக்கொண்டார்கள். பிறகு பந்தால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியம் பேசினார்கள். டபுள்ஸில் எல்லாரும் செய்வதுதான். எதிராளிக்குத் திட்டம் தெரியக்கூடாதல்லவா?

"இதுல நிகிதா யாரு?"

"அந்தத் தாடிதான்மா."

அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த கணம் உள் அறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த மீனா கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள். அவள் கார்த்தியின் ஆட்டங்களை ஏற்கெனவே போனில் தேடிப் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, தாரம் இல்லம்மா. தரம். ரெட்டைன்னா பிள்ளைக இல்ல, இவுக ரெண்டு பேருதான்" என்றாள்.

நான் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் அப்போதுதான் எனக்கே அர்த்தமானது. நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது. ஆட்டத்தில் கடைசி டைபிரேக்கில் கார்த்தி தோற்றான். கூடத்தில் அதிகம் வருத்தப்பட்டது மீனாவின் அம்மாதான். பால்கோவா வெளியே வந்தது, கல்லாக.

கல்யாணத்துக்கு நிகிதா வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மீனாவின் அம்மா அவரைச் சொந்தக்காரர்களிடம் மாப்பிள்ளையின் மூத்த சம்சாரம் என்றுதான் அறிமுகப்படுத்தினார். கார்த்தி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் மீனா வாசலில் நின்று, "மூத்தாளக் கேட்டதாச் சொல்லுங்க" என்பாள்.

இந்த வருஷம் ஜோடி பிரிந்துவிட்டது. நிகிதா ஒரு ஜப்பான்காரரோடு ஆடப் போய்விட்டார். விஷயம் தெரிந்து மீனாவின் அம்மா எங்களுக்குப் போன் செய்து குமுறினார். இம்புட்டு நாள் ஒத்துமையாக இருந்த பிள்ளைகளை யாராவது பேசிச் சேர்த்துவைக்கக் கூடாதா என்றார். வேண்டுமானால் நானே பேசிப் பார்க்கிறேன் என்றேன்.



"வேணாம் தம்பி. பிரிஞ்சது பிரிஞ்சதாவே இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.